கையின் கணக்கு

1974 ஜனவரி 20. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். ஒய்எஃப்-16 என்ற புதிய போர் விமானத்தை அன்று பறக்கவிடும் திட்டமே இல்லை. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்த்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். விமானி ஃபில் ஓஸ்ட்ரைக்கர் ஓட்டினார். வேகம் கூடி மூக்கு சற்றே உயர்ந்ததும் விமானம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அவர் திருத்தினார், திருத்தம் மிஞ்சிப்போய் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதைத் திருத்தினார், இன்னும் மிஞ்சிப்போயிற்று. வாலின் கிடைச்சிறகு தரையில் உரசியது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. தரையில் வைத்து அடக்குவதைவிட மேலே கொண்டுபோவதே மேல் என்று முடிவெடுத்து எழும்பினார். ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். அதிகாரபூர்வமான முதல் பறத்தல் பிப்ரவரி 2 அன்றுதான் நடந்தது.

எஞ்சினில் பழுதில்லை. இறக்கையில் பழுதில்லை. விமானியின் கை கொடுத்ததற்கும் விமானம் எடுத்துக்கொண்டதற்கும் நடுவில் இருந்த கணக்கில்தான் கோளாறு. அந்த விமானத்தின் கைப்பிடி கிட்டத்தட்ட அசையாதது. கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் அளந்து மின்குறிப்பாக அனுப்பும். பக்கவாட்டுச் சாய்வுக்கு அதன் உணர்திறன் மிகக் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. பிறகு குறைத்தார்கள். பின்னாளில் அந்தக் கைப்பிடிக்குச் சில மில்லிமீட்டர் அசைவும் கொடுத்தார்கள். கை நகர்ந்தால்தான் தான் என்ன செய்கிறோம் என்று மனிதனுக்குத் தெரிகிறது.

சிமுலேட்டரில் முதன்முதலாக விமானத்தை இறக்க முயன்ற எவருக்கும் இந்த ஆட்டம் பழக்கமானது. ஓடுபாதை நேரே தெரிகிறது. கொஞ்சம் இடப்பக்கம் போகிறோம், வலப்பக்கம் இழுக்கிறோம், அதிகம் போகிறது, மறுபடி இடப்பக்கம். கடைசியில் புல்தரையில். விளையாடியவர் தன் திறமையை நொந்துகொள்வார். பாதிக்குப் பாதி பிழை அவருடையதல்ல, கையில் இருக்கும் கருவியுடையது.

எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 12 பிட், 14 பிட், 65,536 நிலைகள். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் ஜாய்ஸ்டிக் என்பது கைக்கான கருவி. கை எவ்வளவு நுணுக்கமாக நகரும், எதை உணரும், எதை உணராது என்பதிலிருந்து தொடங்கினால் தேர்வு எளிதாகிவிடும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். என்னுடைய முதல் ஜாய்ஸ்டிக் இரண்டாம் ஆண்டில் ஒரு விசித்திரமான நோய்க்கு ஆளானது. கையை எடுத்துவிட்டாலும் விமானம் அவ்வப்போது மூக்கைச் சடாரென்று கவிழ்க்கும், பிறகு தானே நிமிரும். அடிப்பாகத்தின் திருகுகளைக் கழற்றித் திறந்தேன். பிளாஸ்டிக் வளையங்கள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. ஒன்று முன்பின்னாக அசைகிறது, மற்றது பக்கவாட்டில். ஒவ்வொன்றின் அச்சிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பொட்டென்ஷியோமீட்டர். அதன் மூடியை நெம்பினால் குதிரை லாட வடிவில் ஒரு கரிப்பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் சிறு உலோக நாக்கு. பட்டையின் ஒரு முனைக்கும் நாக்குக்கும் நடுவே உள்ள மின்தடைதான் கைப்பிடியின் நிலையைச் சொல்கிறது. பட்டையின் நடுப்பகுதியில், கைப்பிடி அதிக நேரம் நிற்கும் அந்த இடத்தில், தேய்ந்து ஒரு பள்ளம். சுற்றிலும் கரித்தூள்.

பழைய ரேடியோவின் ஒலித் திருகைத் திருப்பும்போது கரகரவென்று இரையுமே, அதே பாகம், அதே நோய். ரேடியோவில் காதுக்குக் கேட்ட கரகரப்பு, இங்கே விமானத்தின் மூக்கில் தெரிந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் ஓடும். தேய்ந்த கரியை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

இந்தப் பாகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1981இல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருடன் விற்ற ஜாய்ஸ்டிக் அட்டையில், மின்தடையை எண்ணாக மாற்றும் கருவியே கிடையாது. ஒரு மின்தேக்கியை அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் வழியாக மின்னேற்றுவார்கள். தடை அதிகமானால் நிரம்ப நேரமாகும், குறைந்தால் சீக்கிரம் நிரம்பும். நிரம்பும்வரை கணினி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணி முடித்த எண்தான் கைப்பிடியின் நிலை. குடம் நிரம்பும் நேரத்தை வைத்துக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது போன்ற ஏற்பாடு. வேகமான கணினி அதே நேரத்துக்குள் அதிகம் எண்ணிவிடும் என்பதால், பல விளையாட்டுகளிலும் முதலில் கைப்பிடியை நான்கு மூலைக்கும் தள்ளி அளவு காட்டச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982இல் வந்தபோது ஜாய்ஸ்டிக் உலகம் இப்படித்தான் இருந்தது.

தேய்மானத்துக்கு விடை அதற்கும் நூறாண்டு முன்பே கிடைத்திருந்தது. 1879இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். மின்னோட்டம் போகும் திசைக்குக் குறுக்கே, தகட்டின் இரு ஓரங்களுக்கும் நடுவே, ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. காந்தத்தை வலுவாக்கினால் அதுவும் கூடியது. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல். ஓடுவது எது என்றே தெரியாத காலத்தில், அது ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்பதை ஹால் அளந்துவிட்டார்.

இன்றைய நல்ல ஜாய்ஸ்டிக்குகள் பலவற்றில் கைப்பிடியோடு ஒரு சிறு காந்தம் அசைகிறது. அதற்கு எதிரே, தொடாமல், ஒரு ஹால் சென்சார். காந்தம் திரும்பத் திரும்ப மின்னழுத்தம் மாறுகிறது. ஒன்றோடொன்று உரசாததால் அளவிடும் பாகம் தேய்வதில்லை. தூசியும் கடற்காற்றும் வீட்டுக்குள் வரும் நம் ஊர்களுக்கு இது பெரிய வரம். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்பின், பக்கவாட்டு அச்சுகளுக்கு ஹால் சென்சார் வைத்துவிட்டு, பிடியை முறுக்கும் அச்சுக்கும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டரையே வைத்த மாடல்கள் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பாதி உண்மை மட்டுமே.

இப்போது அந்த பிட் கணக்கு. மேசைமேல் வைக்கும் ஜாய்ஸ்டிக்கின் பிடி, சுழலும் மையத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைப்போம். இரு பக்கமும் 20 டிகிரி சாய்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கை போகும் தூரம் ஏறக்குறைய 14 செ.மீ. 8 பிட் என்றால் இதை 256 துண்டாக்குகிறோம்; ஒரு துண்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அது போதாது, கைக்கே படி தெரியும். 10 பிட் என்றால் 1,024 துண்டு, ஒன்று 0.14 மி.மீ. 12 பிட்டில் 4,096 துண்டு, 0.03 மி.மீ. 16 பிட்டில் 65,536 துண்டு, ஒன்று 0.002 மி.மீ. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவு அது. ஆடாமல் பிடித்திருப்பதாக நாம் நினைக்கும் கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்மையாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் உள்ள இயல்பான நடுக்கம் இது. முடியில் முப்பதில் ஒரு பங்கை அந்தக் கையால் வேண்டுமென்றே நகர்த்த முடியாது.

இன்னொன்று, துண்டுகளின் எண்ணிக்கை வேறு, துல்லியம் வேறு. 12 பிட் சென்சார் ஒன்று சும்மா இருக்கும்போதே எட்டு நிலைகளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தால் பயன்படுவது 512 நிலைகள்தான். அடக்கமாக நிற்கும் 10 பிட் கருவி, துள்ளும் 12 பிட்டைவிட நல்லது. சுத்தமான 12 பிட் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைச் சென்சாருக்குக் கொடுக்காமல், சென்சாரைச் சுமக்கும் எலும்புக்கூட்டுக்குக் கொடுங்கள்.

எலும்புக்கூடு என்று நான் சொல்வது வளையங்கள், பேரிங், ஸ்பிரிங். விலை குறைந்தவற்றில் ஒரு கோளமும் அதை அழுத்தும் ஒற்றைப் பெரிய ஸ்பிரிங்கும் இருக்கும். விலை கூடியவற்றில் ஒவ்வொரு அச்சுக்கும் தனி ஸ்பிரிங்கும், அது அழுத்தும் வளைவான கேம் துண்டும் இருக்கும். கேமை மாற்றினால் பிடியின் குணமே மாறும். விகேபி, விர்பில் போன்ற நிறுவனங்கள் இந்த வழியில் செய்பவை. வித்தியாசம் நடுப்புள்ளியில்தான் தெரியும். சில கருவிகளில் நடுவிலிருந்து கிளப்பவே ஒரு உந்து தேவைப்படும். கிளம்பியதும் வேண்டியதைவிட அதிகம் போய்விடும். வானத்தில் எரிபொருள் நிரப்பும்போதும், ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்தும்போதும் கை நடுப்புள்ளியை நொடிக்கொரு முறை கடக்கும். ஒவ்வொரு முறையும் அந்தத் தடையைத் தாண்ட வேண்டியிருந்தால், ஓஸ்ட்ரைக்கரின் ஆட்டம் உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

கையின் கணக்கில் அடுத்தது நீளம். அதே 40 டிகிரிதான்; ஆனால் பிடியின் உயரம் 20க்குப் பதிலாக 30 செ.மீ. என்றால் கை போகும் தூரம் 14லிருந்து 21 செ.மீ. ஆகிறது. கையால் ஒரு மில்லிமீட்டரை நம்பிக்கையோடு நகர்த்த முடியும் என்று வைத்தால், 140 படிகள் 210 ஆகிவிட்டன. எந்தச் சென்சாரையும் மாற்றாமல் கிடைத்த துல்லியம் இது. நெம்புகோல் நீண்டதால் ஸ்பிரிங் கைக்கு மூன்றில் இரண்டு பங்குதான் கனக்கும். எனவே கடினமான ஸ்பிரிங் வேண்டும், அடிப்பாகம் தரையோடோ நாற்காலியோடோ இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு இடமில்லாதவர்களுக்கு வளைகோடு இருக்கிறது.

பெரும்பாலான சிமுலேட்டர்களில் உணர்திறன் வளைகோடு என்ற அமைப்பு உண்டு. கையின் அசைவை அப்படியே அனுப்பாமல், அதில் பாதியையும் அதன் மும்மடிப் பெருக்கத்தில் பாதியையும் கூட்டி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கை 10 சதவீதம் அசைந்தால் விமானத்துக்கு 5 சதவீதம்தான் போகும். 50 சதவீதம் அசைந்தால் 31 சதவீதம். முழுவதும் தள்ளினால் முழுவதும். நடுவில் அமைதியாகிவிட்டது, இறக்கும்போது கை நடுக்கம் பாதியாகத் தெரியும். ஆனால் இது இலவசம் இல்லை. கடைசி முனையில் உணர்திறன் இருமடங்காகிவிடுகிறது; நடுவில் சேமித்ததை ஓரத்தில் செலவழிக்கிறோம். பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு ஓரம் தேவையே படாது, வளைகோடு நல்லது. வானில் நெருங்கிச் சண்டை போடுபவர் கைப்பிடியை வயிறுவரை இழுத்துப் பிடிப்பவர்; அவருக்கு வளைகோட்டைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவதே சரி.

ஸ்பிரிங் வைத்த எந்த ஜாய்ஸ்டிக்காலும் சொல்ல முடியாத ஒன்று உண்டு. செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் கைப்பிடி கம்பிகள் வழியாக வால் மடலோடு நேரடியாக இணைந்திருக்கிறது. மடலைத் தள்ளும் காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இருமடங்கானால் கனம் நான்கு மடங்கு. வேகம் குறைந்து விமானம் தூக்குவிசை இழந்து விழப்போகும் நேரத்தில் பிடி தொளதொளவென்று ஆகிவிடும். அந்தத் தொளதொளப்பே எச்சரிக்கை. மேசை ஜாய்ஸ்டிக் நிறுத்திய விமானத்திலும் முழு வேகத்திலும் ஒரே கனமாகத்தான் இருக்கும். ட்ரிம் செய்வதும் இதனால்தான் புதியவர்களைக் குழப்புகிறது. உண்மை விமானத்தில் பிடியை வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு, கையின் பாரம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைத் திருப்புவார்கள். பிடி அங்கேயே நிற்கும். நம் ஸ்பிரிங்குக்கு நடுப்புள்ளி ஒன்றுதான். ட்ரிம்மைக் கூட்டக் கூட்ட நாம் பிடியை மெல்ல நடுவுக்குத் திரும்ப விட வேண்டும். மோட்டார் வைத்து எதிர்விசை தரும் கருவிகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. விலை அதிகம், ஆனால் ஹெலிகாப்டரில் நெடுநாள் ஊன்றப்போகிறவர்களுக்கு அது வீண்செலவு அல்ல.

த்ராட்டில் வேறு சாதி. அதற்கு ஸ்பிரிங் கூடாது. வைத்த இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே அதன் அறிவியல் முழுக்க உராய்வு. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதைவிட அதிகம். எண்ணெய் காணாத கதவுக்கீல் கிரீச்சிடுவதும், வயலின் தந்தியில் வில் ஒட்டி ஒட்டி விலகுவதும் இந்த வேறுபாட்டால்தான். மோசமான த்ராட்டிலில் ஒரு சதவீதம் கூட்ட நினைத்து அழுத்துவோம், நகராது. இன்னும் அழுத்துவோம், ஐந்து சதவீதம் தாவிவிடும். பக்கத்து விமானத்தோடு அணிவகுத்துப் பறக்கும்போது இந்தத் தாவல் தாங்காது. கடையில் த்ராட்டிலை முழுக்க முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு விரலால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

அடுத்தது பள்ளங்கள். ஏர்பஸ் ஏ320இல் எஞ்சின் நெம்புகோல் ஐடில், கிளைம்ப், அதற்கு மேல் ஃப்ளெக்ஸ், கடைசியில் டோகா என்று டக் டக்கென்று விழும் பள்ளங்களில் நிற்கும். மேலேறியதும் கிளைம்ப் பள்ளத்தில் வைத்துவிட்டால் பெரும்பாலான பயணம் அங்கேயே. பள்ளமில்லாத வழுக்குத் த்ராட்டிலில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். போர் விமானங்களிலோ ஆஃப்டர்பர்னர் தொடங்கும் இடத்தில் ஒரு தடை, எஞ்சினை அணைக்கும் இடத்தில் ஒரு தடை. ஏ-10சி விமானத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாகில் இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனிப் பிடிகளே இருக்கின்றன.

த்ராட்டில் முழுக்கப் பொத்தான்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டாம் உலகப்போர்க் காலக் கதை ஒன்று. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிடும் விபத்துகள் நடந்துகொண்டிருந்தன. இறக்கை மடலுக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரியான சுவிட்சுகள், பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் கவனித்தார். சக்கரச் சுவிட்சில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடல் சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கண்ணால் பார்க்காமலே விரல் சொல்லிவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில் இருக்க வேண்டும் என்பது விதி. தலையில் விஆர் கண்ணாடி மாட்டி விளையாடுபவருக்குத் தன் கை தெரியாது. அவர் பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு தடவி ஒவ்வொன்றும் வேறாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

யூஎஸ்பி வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நொடிக்கு 125 முறை நிலையைச் சொல்லும் சாதாரணக் கருவிகூட 8 மில்லிநொடிக்கு ஒருமுறை பேசுகிறது. கண்டு கை அசைய நமக்கு 200 மில்லிநொடி ஆகிறது.

செஸ்னாவும் போயிங்கும் மட்டுமே ஓட்டுவேன் என்பவருக்கு ஜாய்ஸ்டிக் வேண்டாம், ஸ்டீயரிங் போல இரு கையாலும் பிடிக்கும் யோக் வாங்கட்டும். ஏர்பஸ் விரும்புபவர், கேப்டன் இடது கையால் பிடிப்பதை நினைவில் வைத்து இரு கைக்கும் பொருந்தும் பிடியாக எடுக்கட்டும், த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அப்படிப்பட்டது. இன்னும் எதுவென்று தெரியாதவர் உரசாத காந்த சென்சாரும், முறுக்கும் பிடியும், அடியில் ஒரு சிறு த்ராட்டிலும் உள்ள ஒரே கருவியோடு தொடங்கலாம். விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி இந்த வகையில் எனக்குப் பிடித்தது. தனித் த்ராட்டில் அடுத்த ஆண்டு வரட்டும். அதற்குப் பிறகு, முறுக்கும் வேலையைக் காலுக்கு மாற்றும் பெடல். முறுக்கும்போது பிடி நம்மை அறியாமல் பக்கவாட்டிலும் சாய்வது அன்றோடு நிற்கும்.

வாங்கி வந்ததும் விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்புத் திரையைத் திறவுங்கள். கட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். பிடியை முன்னே தள்ளி விடுங்கள், பின்னே இழுத்து விடுங்கள், இடம், வலம். நான்கு முறையும் குறி ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். கையை எடுத்தபின் அது துடிக்கக் கூடாது. முன்பின்னாக மட்டும் மெல்ல நகர்த்துங்கள். பக்கவாட்டில் வழிந்தால் வளையத்தில் ஆட்டம் இருக்கிறது. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சாப்பாட்டு மேசை உயரத்தில் வைத்த ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கத் தோள் மேலேறுகிறது. பத்து நிமிடத்தில் தோள் களைத்து, அந்த நடுக்கம் விரலுக்கு இறங்குகிறது. முழங்கை செங்கோணத்தில், முன்கை நாற்காலிக் கையின்மீதோ தொடையின்மீதோ சாய்ந்திருக்க, மணிக்கட்டு மட்டும் அசைவதே நல்ல நிலை. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். விரல்கள் எங்கே வந்து நிற்கின்றனவோ, அங்கிருந்து தரைவரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிடி அந்த உயரத்தில் நிற்குமா, அதற்கு மேசையின் விளிம்பில் கவ்வும் கிளாம்ப் தேவைப்படுமா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.